பிறக்கப்போகும் பிள்ளைக்காக முன்கூட்டியே சொல்லி வைத்தவை

ஆஸ்பத்திரிக்குப் பை கட்டுவதில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கெட்டிக்காரர்கள். ஏழாம் மாதம் பிறந்தால் போதும், அம்மாவும் மாமியும் சேர்ந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவார்கள். சுடுதண்ணிப் பிளாஸ்க், கழுவிக் காயவைத்த பழைய சீத்தைத் துணி, பிள்ளைக்குத் தொப்பியும் சொக்ஸும், சவர்க்காரம், கிளினிக் கார்ட், அடையாள அட்டை என்று ஒன்றும் விடுபடாது. ஆனால் பிள்ளை வெளியே வந்த நிமிஷத்திலிருந்து அதற்கு என்னென்ன செய்வார்கள், அதில் எங்களுக்கு என்ன விருப்பம், அதை யாரிடம் எப்போது சொல்வது என்ற பேச்சு மட்டும் வீட்டில் வருவதே இல்லை. "அதெல்லாம் டொக்டர்மார் பார்த்துக்குவாங்க" என்று முடிந்துவிடும்.

பார்த்துக்கொள்கிறார்கள், உண்மைதான். என் அப்பாயி காலத்தில் லயத்துக் காம்பராவிலேயே (தோட்டத்து வரிசை வீட்டு அறையிலேயே) பிள்ளை பெற்று, பெற்றதில் சிலதைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். இன்றைக்கு இலங்கையில் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, அதுவும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல். அதன் மதிப்பு எனக்குத் தெரியும். அதனால் இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வயிற்றில் பிள்ளையோடு கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சிமாருக்கு உபயோகமாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூத்தவன் பிறந்தபோது நாங்கள் கணவரின் வேலை காரணமாக வேறு ஊரில் இருந்தோம். வலி வந்து நீண்ட நேரம் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. ராத்திரியில் அவசரமாக சிசேரியன் செய்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் எனக்கு நினைவு இருந்தது. பிள்ளை அழுத சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை வார்டுக்குக் கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டில்களில் தாய்மாரின் பக்கத்தில் பிள்ளைகள் இருந்தன. என் பக்கத்தில் யாரும் இல்லை. கேட்டேன். சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார்கள். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் எனக்கு அப்போது சிங்களம். ஆஸ்பத்திரிப் பேச்சு பிடிபடவில்லை. வெளியே நின்ற கணவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விடியும்வரை நான் என்னென்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

காலையில் வேலைக்கு வந்த அட்டெண்டன் அக்கா ஒருவர் தமிழில் சொன்னார்: "பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் வேகமா இருந்திச்சாம். பேபி ரூம்ல வச்சிப் பாக்கிறாங்க. நல்லா இருக்கான், அழாதீங்க." சிசேரியனில் பிறக்கும் பிள்ளைகள் சிலருக்கு நுரையீரலில் இருக்கும் நீர் வற்றக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதுவரை மூச்சு வேகமாக இருக்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவனுக்கு அங்கே செய்த வைத்தியம் சரியான வைத்தியம். எனக்கு வேண்டியிருந்தது அந்த அக்கா சொன்ன அந்த இரண்டு வசனம். அது ராத்திரியே கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பிள்ளை உண்டானபோது நாங்கள் மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் அம்மாவின் தோட்டத்துக்கே வந்துவிட்டோம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எங்கள் பகுதிக்கு வரும் மிட்வைப் மிஸ் (மருத்துவிச்சி) சிங்களவர். ஆனால் வருஷக்கணக்காகத் தோட்டங்களிலேயே நடந்து நடந்து தமிழ் நன்றாகப் பேசுவார். ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்து கார்டில் எழுதிக்கொண்டிருந்தபோது முதல் பிரசவத்தில் நடந்ததைச் சொல்லி, இந்த முறை என்னென்ன கேட்கலாம் என்று கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நீங்க கேக்கப் போறதில பாதி எங்களுக்கு வழக்கமே. ஆனா வார்டில ஆள் குறைஞ்ச நாள்ல விட்டுப் போகும். முன்னாலயே சொல்லி வச்சா ஞாபகம் இருக்கும். ஒரு தாள்ல எழுதுங்க. சின்னதா எழுதுங்க. நீட்டி எழுதினா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க."

நான் இன்றைக்கு யாருக்கும் சொல்லும் முதல் ஆலோசனை அவர் சொன்ன இதுதான். ஒரு தாள், அதிலும் ஒரு மொழிக்கு ஒரு பக்கம்.

எதையெல்லாம் எழுதலாம் என்று அவரிடமும், எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக் டொக்டரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்தேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருப்பது தெரிந்தது. காரணம் தெரிந்தால் கேட்கும்போது குரல் தானாகவே நிதானமாக வரும். அதனால் அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறந்த பிள்ளையைத் துடைத்தவுடன் தாயின் வெறும் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துவது ஒன்று. முதல் ஒரு மணித்தியாலம் அப்படியே விட்டால் பிள்ளையின் உடம்புச் சூடு நிலையாக இருக்கும், மூச்சும் இதயத் துடிப்பும் சீராகும், பிள்ளை தானாகவே முலையைத் தேடத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் இதை எல்லா நாடுகளுக்கும் சொல்கிறது. எங்கள் மலைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் பெரியவர்களுக்கே பல் கிட்டும். பிறந்த பிள்ளையின் உடம்பு 36.5 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அது குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் தோட்டங்களில் 2,500 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறக்கும் பிள்ளைகளும் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளை இன்னும் சீக்கிரம் குளிர்ந்து போகும். தாயின் நெஞ்சுச் சூட்டுக்கு மேல் ஒரு ஹீட்டர் இல்லை.

குளிப்பாட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். பிறந்தவுடன் குளிப்பாட்டாமல் குறைந்தது 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டல். பிள்ளையின் தோலில் வெள்ளையாகப் பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை. அது தோலைப் பாதுகாக்கும், அதைத் தேய்த்து எடுக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் இதற்குத் தடை இருக்காது. வீட்டுப் பெரியவர்களிடம்தான் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

கொப்பூழ்க்கொடியை உடனே கவ்வி வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிஷமாவது, முடிந்தால் மூன்று நிமிஷம்வரை பொறுப்பது அடுத்தது. நச்சுக்கொடியில் இருக்கும் இரத்தம் அந்த நேரத்தில் பிள்ளைக்குப் போய்ச் சேரும். அதில் இருக்கும் இரும்புச் சத்து பிள்ளைக்கு மாதக் கணக்கில் உதவும். கிளினிக்கில் இரத்தம் சோதித்தால் எங்களில் எத்தனை பேருக்கு "இரத்தம் குறைவு" என்று எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தாயிடம் இரும்பு குறைவாக இருந்தால் பிள்ளையின் சேமிப்பும் குறைவாகத்தான் இருக்கும். ஒரு செலவும் இல்லாமல் ஒரு நிமிஷம் காத்திருந்தால் கிடைக்கும் இந்த நன்மையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம் பால். முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பதில் எங்கள் நாடு நல்ல பெயர் எடுத்த நாடு. 2016ஆம் ஆண்டு எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பால் போத்தலையும் சூப்பியையும் கொண்டு வர விடமாட்டார்கள். அதனால் இதைத் தனியாக எழுத வேண்டுமா என்று தோன்றும். எழுதத்தான் வேண்டும். சிசேரியன் ஆனாலோ, பிள்ளை பேபி ரூமில் இருந்தாலோ, "என்னிடமிருந்து சீம்பாலைப் பிழிந்து எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்க உதவுங்கள்" என்று எழுத வேண்டும். கையால் பிழிந்தால் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தச் சொட்டுகளே அந்த நேரத்துக்குப் போதும். இதைக் கேட்காததால், பிள்ளை தன்னிடம் வரும்வரை மார்பில் பால் கட்டி வலியோடு காத்திருந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

ஊசிகளைப் பற்றி விருப்பம் தெரிவிக்க ஒன்றும் இல்லை, போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் என்ன ஊசி என்று தெரிந்திருப்பது நல்லது. பிறந்த சில மணித்தியாலத்துக்குள் தொடையில் விட்டமின் கே போடுவார்கள். பிறந்த பிள்ளைகளுக்கு அந்த விட்டமின் மிகவும் குறைவு, அது இல்லாவிட்டால் மூளையில்கூட இரத்தம் கசியலாம். வீட்டுக்கு அனுப்பும் முன் இடது தோளில் பி.சி.ஜி. போடுவார்கள், அது காசநோய்க்கானது. சில வாரம் கழித்து அந்த இடம் சிறிய புண் மாதிரி ஆகி ஆறி, தழும்பு விழும். அதில் மஞ்சளோ எண்ணெயோ பூசக் கூடாது. குதிகாலில் குத்தி ஒரு காகிதத்தில் இரத்தச் சொட்டு எடுப்பதும் உண்டு, தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. அந்தக் குறைபாட்டைப் பிறந்தவுடனே கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்காது. காலில் குத்திவிட்டார்கள் என்று சண்டைக்குப் போன ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவர் அமைதியாக இருந்திருப்பார்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். சீ.ஆர். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். என் சிங்களத்தை நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் எழுதித் தந்தார். தமிழ்ப் பக்கத்தில் இருந்தது இதுதான்:

"பிள்ளைக்கோ எனக்கோ ஆபத்து என்றால் கீழே உள்ளதை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதை உடனே செய்யுங்கள். எங்களுக்குச் சம்மதம்.
பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டு போனால் எங்கே, ஏன் என்று எனக்கும் வெளியில் இருக்கும் என் கணவருக்கும் தயவுசெய்து சொல்லுங்கள்.
பிள்ளை நன்றாக இருந்தால் கொடியை வெட்ட ஒரு நிமிஷமாவது பொறுங்கள். முடிந்த உடனே என் நெஞ்சில் வையுங்கள்.
தாய்ப்பால் மட்டும். நான் எழும்ப முடியாவிட்டால் பால் பிழிய உதவுங்கள்.
பிறந்த நேரத்தை நிமிஷத்தோடு எழுதித் தாருங்கள்."

அதற்குக் கீழே என் இரத்த வகை, முதல் பிரசவம் சிசேரியன் என்ற விபரம், கணவரின் போன் நம்பர். அவ்வளவுதான்.

முதல் வரியை மிட்வைப் மிஸ்தான் முதலில் போடச் சொன்னார். அதன் அருமை எனக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் விளங்கியது. வி.ஓ.ஜி. (பிரசவ விசேட வைத்தியர்) தாளை வாங்கிய வேகத்தில் அவருடைய முகம் கொஞ்சம் இறுகியது. முதல் வரியை வாசித்ததும் தளர்ந்து, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இந்தத் தாய் எங்களோடு மல்லுக்கு நிற்க வரவில்லை என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. பிள்ளை மூச்செடுக்கவில்லை என்றால் கொடியை உடனே வெட்டித்தான் ஆக வேண்டும், நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க முடியாது. அதை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றதை அவர்கள் மனம் திறந்து கேட்கிறார்கள்.

கடைசி வரியைப் பார்த்துச் சிலர் ஏன் என்று கேட்டார்கள். ஜாதகத்துக்குத்தான். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, சிங்களக் குடும்பங்களிலும் அதே தேவை இருப்பதால் மிஸ்ஸிமாருக்கு (தாதிமாருக்கு) அது உடனே விளங்கும். அந்த வரியை வாசிக்கும்போது அநேகமாக எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியவர்களுக்கு முக்கியமான ஒன்றும் தாளில் இருந்ததால் மாமிக்கும் அந்தத் தாள் தன்னுடையது மாதிரி ஆகிவிட்டது.

எப்போது சொல்வது? வலி வந்த பிறகு கட்டாயம் இல்லை. எட்டாம் மாதத்துக்குள் தாள் தயாராகிவிட வேண்டும். முதலில் மிட்வைப் மிஸ்ஸிடம், பிறகு எம்.ஓ.எச். கிளினிக்கில், பிறகு பிள்ளை பெறப்போகும் ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் காட்ட வேண்டும். மூன்றாவது இடம்தான் மிக முக்கியம், ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரியில் எது முடியும், எது முடியாது என்று அங்கேதான் சொல்வார்கள். இந்த முறை நாள் குறித்து சிசேரியன் என்று முடிவானதால் நான் வி.ஓ.ஜி.யிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டேன். பிள்ளை அழுதால் ஒரு நிமிஷம் பொறுப்பதாகவும், எனக்கு இரத்தம் அதிகம் போனால் பொறுக்க மாட்டேன் என்றும் சொன்னார். ஒபரேஷன் தியேட்டர் குளிர் என்பதால் அங்கே கன்னத்தில் வைத்துக் காட்டுவார்கள், நெஞ்சில் வைப்பது வெளியே வந்த பிறகு. அம்மா கூடவே இருக்கலாமா என்று கேட்டதற்கு முடியாது என்றார். தியேட்டருக்குள் வெளியாட்களை விடுவதில்லை. எனக்கு அது வருத்தம்தான். ஆனாலும் முன்பே தெரிந்ததால் அன்றைக்கு வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சாதாரணப் பிரசவத்துக்குப் போகிறவர்கள் லேபர் ரூமில் ஒரு பெண் துணையை விடுவார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சில ஆஸ்பத்திரிகளில் விடுகிறார்கள். துணை இருந்தால் உங்களுக்குப் பதிலாக அவர் ஞாபகப்படுத்துவார்.

கேட்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. "இப்படிச் செய்யுங்கள்" என்று சொன்னால் ஒரு பதில் வரும், "இதை இங்கே எப்படிச் செய்வீங்க டொக்டர்?" என்று கேட்டால் வேறு பதில் வரும். இரண்டாவது விதத்தில் நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதே சமயம் மொழி விஷயத்தில் யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. அரசாங்க ஆஸ்பத்திரியில் தமிழில் விளக்கம் கேட்பது எவருக்கும் உள்ள உரிமை. "தமிழ் தெரிந்தவர் யாரும் இருக்கிறார்களா?" என்று கேட்டால் அநேகமாக ஒரு அட்டெண்டனோ, பயிற்சிக்கு வந்த மிஸ்ஸியோ கிடைப்பார். பகலிலேயே அவரைக் கண்டுபிடித்து முகம் பழகிக்கொள்ளுங்கள். நானும் கொஞ்சம் சிங்களம் பழகினேன். "பபா கொஹெத?" என்றால் பிள்ளை எங்கே. "பபாட்ட அம்மாகே கிரி விதரய்" என்றால் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். இந்த இரண்டும் வாயில் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அனுமதிக்கும்போது தாளை டிக்கட்டோடு (என் வைத்தியக் குறிப்புத் தாள்களோடு) சேர்த்துக் குத்தச் சொன்னேன். கட்டில் தலைமாட்டில் தொங்கும் அந்த டிக்கட்டைத்தான் ஒவ்வொரு டொக்டரும் மிஸ்ஸியும் எடுத்துப் பார்ப்பார்கள். பையில் வைத்தால் பை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். இன்னொரு பிரதியைக் கிளினிக் கார்டுக்குள் வைத்தேன். கணவரின் போனில் ஒரு படம். இந்த மூன்றும் அவசியம் என்பேன். சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்பினால் கார்ட் கூடவே வரும். 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்து அதில் போகும்போது கையில் கார்டும் போனும்தான் இருக்கும். நார்மல் என்று நினைத்துப் போய் பாதி வழியில் எல்லாம் மாறிய கதை எங்கள் வளைவுப் பாதைகளில் நிறைய.

மிஸ்ஸிமார் வேலை மாறுவதையும் கவனியுங்கள். காலை ஏழு மணி, பகல் ஒரு மணி, இரவு ஏழு மணி என்று ஆள் மாறும். பகல் மிஸ்ஸியிடம் சொன்னது இரவு மிஸ்ஸிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் "மிஸ்ஸி, டிக்கட்ல ஒரு சின்னத் தாள் இருக்கு" என்று மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

மகள் பிறந்தது காலையில். திரைக்கு அப்பால் அவள் அழுதாள். கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை, பிறகுதான் வெட்டினார்கள். என் கன்னத்தில் வைத்தார்கள், ஈரமும் சூடுமாக. பிறகு தூக்கிப் போனார்கள். அப்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மூத்தவனுடைய இரவு அப்படியே வந்து நின்றது. ஒரு மிஸ்ஸி திரும்பி வந்து என் தலைக்குப் பக்கத்தில் குனிந்து, "பபா ஹொந்தாய்" என்றார். பிள்ளை நன்றாக இருக்கிறது, நிறுக்கக் கொண்டு போயிருக்கிறார்கள், எடை இவ்வளவு, உங்கள் மாத்தியாவிடமும் (கணவரிடமும்) சொல்லிவிட்டோம் என்று எளிய சிங்களத்தில், கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அந்தத் தாளில் வேறு எதுவுமே நடக்காமல் போயிருந்தாலும் இந்த ஒன்றுக்காகவே அதை எழுதியது தகும் என்று நினைக்கிறேன்.

எல்லாம் நடக்கவும் இல்லை. வெளியே எடுத்து வைக்கும் இடத்தில் அன்றைக்குக் கூட்டம். நெஞ்சில் வைப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிந்தினாலும் பயன் உண்டு, வார்டுக்கு வந்த பிறகும் அப்படி வைத்துக்கொள்ளலாம், வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். நான் போர்வைக்குள் அவளை நெஞ்சில் வைத்தபடியே மாலைவரை இருந்தேன். மிஸ்ஸி ஒருவர் தொப்பியை மட்டும் சரி செய்துவிட்டுப் போனார்.

எடை குறைந்த பிள்ளை என்று முன்பே ஸ்கேனில் சொல்லியிருந்தால், தாளில் இன்னொரு வரி சேருங்கள்: கங்காரு முறையில் நெஞ்சில் கட்டி வைத்திருக்க எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று. சிறிய பிள்ளைகளுக்கு அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்கினாலும் நல்லது என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டல் கொடுத்தது. உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால், பிள்ளையின் வகையைப் பார்த்து 72 மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு ஓர் ஊசி போட வேண்டியிருக்கும். அதையும் எழுதி வைத்துக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்னால் மட்டும் போதாது. பார்க்க வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும், உண்மையில் எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் மாமி சேனை வைக்க வேண்டும், அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்க வேண்டும் என்று தேனும் சீனித்தண்ணியும் தயாராக வைத்திருந்தார். யார் சேனை வைக்கிறாரோ அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமி நல்ல மனுஷி, அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து, உடம்பையே தளர்த்தி மூச்சை நிறுத்தும் அளவுக்குப் போகலாம். நான் சொன்னால் மருமகள் வாய் காட்டுகிறாள் என்று ஆகும். அதனால் மிட்வைப் மிஸ்ஸை வீட்டுக்கு வந்த நேரம் மாமியிடம் பேச வைத்தேன். மிஸ் தேனைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அம்மா, ஆஸ்பத்திரியில இருந்து பிள்ளைய முதல்ல தூக்குற ஆள் நீங்களா இருங்க. உங்க குணம் அப்பிடியே வரும்" என்றார். மாமிக்கு அது பிடித்துவிட்டது. வாசலில் என் கணவர் கை நீட்டியபோது கூட விடவில்லை, அவரே வாங்கிக்கொண்டார். கொப்பூழில் சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் போடாமல் காயவிடுவதையும் மிஸ் அதே பேச்சில் முடித்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பி.சி.ஜி. போட்டதைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதிவிட்டார்களா, பிள்ளையின் உடம்பில் மஞ்சள் நிறம் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும். முதல் 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சாதாரணம் இல்லை. பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, உடம்பு ஜில்லென்று இருப்பது, மூச்சு வாங்கும்போது நெஞ்சு குழி விழுவது, இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மிட்வைப் மிஸ் வீடு தேடி வருவதற்குத் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், லயத்தின் நம்பர், பக்கத்தில் கோயிலோ கொழுந்து நிறுக்கும் மடுவமோ என்ன இருக்கிறது என்பதுவரை எழுதிக் கொடுங்கள்.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு டீச்சர் எட்டு மாதம். அவருக்கு கர்ப்பகாலச் சீனி வியாதி. என் தாளைக் கொண்டு போய் அப்படியே எழுதப் பார்த்தார். வேண்டாம், முதலில் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள் என்றேன். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்குச் சீனி இறங்கிவிடலாம். அதனால் குதிகாலில் குத்திச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். அவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பிள்ளை நன்றாக இருந்தால் நெஞ்சில் வைத்தபடியே சோதிக்கலாம், உடனே பால் கொடுக்கத் தொடங்குவதுதான் முதல் மருந்து, சீனி குறைந்தால் மட்டும் பேபி ரூமுக்கு எடுப்போம் என்று டொக்டர் சொன்னாராம். அவருடைய தாளில் இப்போது கொடி வரிக்குக் கீழே சீனிக்கு ஒரு வரி இருக்கிறது. சிங்களப் பக்கத்தை எழுத அதே சிங்கள டீச்சரிடம் நாளைக்குக் கொடுக்கிறோம்.